ராடென் சாலே: ஒரு கைதும் இரண்டு ஓவியங்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் ஜாவா பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். அலையடங்கிய துறைமுகம், நங்கூரமிட்ட கப்பல், தென்னை மரங்கள், தொலைவில் ஓர் எரிமலை. அந்த அமைதி என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதை அவை சொல்வதில்லை. அதைத் தூரிகையால் சொன்னவர், டச்சு ஓவியர்களிடமே தொழில் கற்ற ஜாவாக்காரரான ராடென் சாலே.

1811 வாக்கில் செமாராங் நகருக்கு அருகே ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். காலனி அரசின் பணிக்காக ஜாவா வந்திருந்த பெல்ஜிய ஓவியர் அந்துவான் பாயென் சிறுவனின் திறமையைக் கண்டு பயிற்சி அளித்தார். 1829-ல் நெதர்லாந்து சென்ற சாலே, கார்னெலிஸ் க்ரூஸ்மனிடம் உருவப்படமும் ஆந்திரியாஸ் ஸ்கெல்ஃபவுட்டிடம் நிலக்காட்சியும் கற்றார். ஐரோப்பாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். டிரெஸ்டனிலும் பாரிசிலும் அவருக்குப் பெரிய மனிதர்களின் நட்பு கிடைத்தது. சிங்க வேட்டையும் புயலில் தத்தளிக்கும் கப்பல்களும் அவருக்குப் புகழ் சேர்த்தன. 1849-ல் அவர் வரைந்த மிகப்பெரிய 'காட்டுத் தீ' ஓவியத்தை இன்று சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தில் பார்க்கலாம்.

அவர் கப்பலேறியபோது ஜாவாவில் இளவரசர் திபொநெகொரோ தலைமையில் டச்சு ஆட்சிக்கு எதிரான போர் (1825-1830) நடந்துகொண்டிருந்தது. சுமார் 2 லட்சம் ஜாவா மக்கள் மாண்ட போர் அது. 1830 மார்ச் 28 அன்று, பேச்சுவார்த்தைக்காக மகெலாங் வந்த இளவரசரை ஜெனரல் டி காக் கைது செய்தார். இளவரசர் நாடு கடத்தப்பட்டு, 1855-ல் மக்காசாரில் இறந்தார்.

இந்தக் கைதை முதலில் வரைந்தவர் ஜாவாவையே பார்த்திராத நிக்கோலாஸ் பீனெமன். அவருடைய ஓவியத்தில் டச்சுக் கொடி பறக்கிறது. படியில் ஜெனரலுக்குக் கீழே நிற்கும் இளவரசர் பணிந்துபோகிறார். அவர் போகவேண்டிய வண்டியை ஜெனரல் கை நீட்டிக் காட்டுகிறார்.

1850களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பிய சாலே, 1857-ல் அதே காட்சியைத் தானும் வரைந்தார். இதில் கொடி இல்லை. திபொநெகொரோ தலை நிமிர்ந்து, கோபத்தை அடக்கிக்கொண்டு நிற்கிறார். ஜெனரலும் அவரும் நிற்பது ஒரே மட்டத்தில். டச்சு அதிகாரிகளின் தலைகள் உடலுக்குப் பொருந்தாமல் பெரிதாகத் தெரிகின்றன. உடற்கூறு நன்கறிந்த ஓவியர் தற்செயலாகச் செய்த பிழை இது என்று ஏற்பது கடினம். அரக்கர்களாகக் காட்டவே இப்படி வரைந்தார் என்பாரும் உண்டு. மூன்றாம் வில்லியம் மன்னரிடமிருந்து அரசரின் ஓவியர் என்ற பட்டம் பெற்றிருந்த சாலே, இந்த ஓவியத்தை அந்த மன்னருக்கே பரிசாக அனுப்பினார்!

அரசின் சலுகைகளைப் பெற்றபோதிலும் அவரை அரசு முழுமையாக நம்பவில்லை. 1869-ல் பெக்காசி பகுதியில் நடந்த கிளர்ச்சியை ஒட்டி அவர்மீதும் சந்தேகம் விழுந்தது. 1880 ஏப்ரல் 23 அன்று போகோரில் காலமானார். 1978-ல் அந்த ஓவியம் இந்தோனேசியாவுக்குத் திரும்பியது.

எதிர்க்க நினைத்தவரின் மொழியிலேயே தேர்ச்சி பெற்று, அதிலேயே பதில் சொன்னவர் சாலே. வேற்று மொழியில் பிழைப்பு நடத்தும் நம்மைப் போன்றவர்களுக்கு அவர் அந்நியராகத் தோன்றமாட்டார்.