அணைக்கட்டு தந்த பாடம்

சோழ வளநாட்டின் தாயெனப் போற்றப்படும் காவிரி, நம் புதுக்கோட்டை நகரைத் தொட்டு ஓடவில்லை. ஆயினும் கல்லணையிலிருந்து புறப்படும் கால்வாய், 1934-ஆம் ஆண்டு முதல், நம் மாவட்டத்தின் அறந்தாங்கி, மணமேல்குடிப் பகுதிகளுக்கு அவள் நீரைக் கொண்டு வருகிறது. கடைமடை வரை தண்ணீர் வருமா என்று ஏங்கும் உழவர் வீட்டுப் பெண்கள் எங்கள் வகுப்பிலும் உண்டு. எனவே காவிரிக்காக உழைத்த ஒரு பெரியாரின் வாழ்வை இங்கே கூற விரும்புகிறோம். அவர்தாம் சர் ஆர்தர் காட்டன்.

இவர் 1803 மே 15 அன்று இங்கிலாந்தில் பிறந்தார். எங்கள் வயதில், அதாவது பதினைந்தாம் வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் இராணுவப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1821-இல் பொறியாளராகச் சென்னை வந்தார். 1828-இல் காவிரியை ஆராயும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அக்காலத்தில் காவிரி பெருந்துன்பத்தில் இருந்தது. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு காவிரி என்றும் கொள்ளிடம் என்றும் இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் தாழ்வானது, சரிவு மிகுந்தது. காவிரியின் படுகையோ மணல் சேர்ந்து மேடிட்டு வந்தது. ஆகவே தண்ணீர் கொள்ளிடம் வழியே கடலுக்கு விரைய, தஞ்சை வயல்கள் வாடின.

கொள்ளிடத்தின் குறுக்கே அணை எழுப்பினால் நீர் காவிரிக்குத் திரும்பும். ஆனால் தோண்டத் தோண்ட மணலாக இருக்கும் ஆற்றில் அடித்தளம் எங்ஙனம் நிற்கும்? இக்கேள்விக்கு விடை தந்தது கரிகாலன் கட்டியதாகப் போற்றப்படும் நமது கல்லணை! பெருங்கற்களை மணலில் இறக்கி, அவை அமிழ அமிழ மேலும் கற்களை அடுக்கிய நம் முன்னோரின் முறையைக் காட்டன் கருத்துடன் கற்றார். 1836-இல் முக்கொம்பில் மேலணையும், கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் கீழணையும் அவர் திட்டப்படி எழலாயின. தஞ்சை மீண்டும் பசுமை பூண்டது. கம்பெனிக்கு வரி வருவாய் பெருகியது என்பதும் உண்மையே. ஆயினும், மணலில் அடித்தளமிடும் வித்தையை இந்நாட்டாரிடமே கற்றோம் என்று பிற்காலத்தில் அவர் மறைக்காமல் எழுதினார்.

1833-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஆந்திரக் கடற்கரையில் எண்ணற்றோர் மடிந்தனர். அப்பகுதியில் பாயும் கோதாவரியின் குறுக்கே, தவளேஸ்வரத்தில் 1847 முதல் 1852 வரை அணை கட்டினார் காட்டன். காவிரியில் கற்ற பாடமே அங்கும் உதவியது. 1861-இல் சர் பட்டம் பெற்ற அவர், 1899-இல், தமது 96-ஆம் வயதில் மறைந்தார். கோதாவரி மக்கள் இன்றும் அவருக்குச் சிலை வைத்து வணங்குகின்றனர்.

எங்கள் வகுப்பில் ஆசிரியை புவியியல் பாடத்தை முதலில் ஆங்கிலத்திலும் பிறகு தமிழிலும் விளக்குவார். தமிழ்வழியில் தொடக்கப் பள்ளி பயின்று வந்த எங்களிற் சிலர், ஆங்கிலச் சொற்களைக் கேட்டால் தலை குனிந்துகொள்வோம். ஒருநாள் ‘அனிகட்’ என்ற ஆங்கிலச் சொல் வந்தது. பொருள் தெரியாமல் விழித்தோம். அது நம் ‘அணைக்கட்டு’தான் என்று ஆசிரியை கூறியதும் வகுப்பே சிரித்தது. அன்று குனிந்த தலைகள் நிமிர்ந்தன. அணை கட்டும் வித்தையோடு அதன் பெயரையும் அந்நாட்டார் நம்மிடம் பெற்றுச் சென்றிருக்கின்றனர்!

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தன. பின்னர் அங்கே புதிய கதவணை கட்டப்பட்டது. எவ்வளவு உயர்ந்த பணியும் பேணாவிடில் அழியும் என்பதற்கு இதுவே சான்று.

அன்புத் தோழியரே! பிற மொழியைக் கற்போம். நம் மொழிக்காக நாணமாட்டோம். வெல்ல வந்த நாட்டாரே நம் முன்னோரிடம் மாணவராய் நின்று கற்றாரெனில், அம்முன்னோர் விட்டுச்சென்ற ஏரிகளையும் கண்மாய்களையும் தூர்ந்து போகவிடாமல் காப்பது நம் கடமையன்றோ?