ஏமி ஜான்சன்

இங்கிலாந்தின் கீழ்க்கரையிலுள்ள ஹல் என்னும் துறைமுக நகரில், மீன் வாணிகர் ஒருவரின் மகளாக 1903-ஆம் ஆண்டில் ஏமி ஜான்சன் பிறந்தார். ஷெபீல்டு பல்கலைக் கழகத்தில் பொருளியல் கற்று, 1925-இல் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டனில் வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் தட்டெழுத்து வேலையில் அமர்ந்தார்.

1928-இல் அவர் விமானம் ஓட்டப் பயிலத் தொடங்கினார். எஞ்சினைப் பற்றியோ காற்றின் போக்கைப் பற்றியோ அவர் பெற்ற பட்டத்தில் ஒன்றுமில்லை. நடுவழியில் எஞ்சின் நின்றுவிட்டால் யாரை அழைப்பது? ஆதலின், விமானக் கொட்டகையே அவருக்கு இரண்டாம் கல்லூரியாயிற்று. எண்ணெய்க் கறை படிந்த உடையுடன் ஆடவரிடையே நின்று, எஞ்சினைப் பிரித்துப் பூட்டக் கற்றார். 1929-இல் விமானி உரிமம் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் விமானப் பொறியாளர் உரிமமும் பெற்றார். இதனைப் பெற்ற முதல் பிரிட்டானியப் பெண் அவரே.

1930 மே 5-ஆம் நாள், பழைய சிறு விமானமொன்றில் தன்னந்தனியே ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டார். கராச்சி, கல்கத்தா வழியாகப் பர்மாவை அடைந்தபோது மழை வழியை மறைத்தது. இரங்கூனுக்கு அருகில் இன்சேன் என்னுமிடத்தில், விளையாட்டுத் திடலொன்றில் இறங்கிய விமானம் பள்ளத்திற் பாய்ந்தது, இறக்கை சிதைந்தது. நல்வினைப் பயனாக, அத்திடல் பொறியியற் பள்ளி ஒன்றினுடையது! ஆசிரியரும் மாணவரும் திரண்டு வந்து இறக்கையைச் சீர்செய்ய, ஏமி தாம் கொணர்ந்திருந்த மாற்று விசிறியைப் பொருத்தினார். மே 24-இல் டார்வின் நகரை அடைந்தார். அவ்வழியே தனியாகப் பறந்த முதல் பெண் அவரே.

இரண்டாம் உலகப் போரில் விமானங்களை நிலையந்தோறும் கொண்டு சேர்க்கும் பணியை மேற்கொண்டார். 1941 சனவரி 5-இல் அவர் ஓட்டிச் சென்ற விமானம் தேம்சு ஆற்றின் கழிமுகத்தில் வீழ்ந்தது. அவர் உடல் கிடைக்கவேயில்லை.