ஒரு நாள் ஆடாத ஹாங்க் கிரீன்பெர்க்: 1934-ல் டெட்ராய்ட்டில் என்ன நடந்தது?

நாளைக்குப் பண்டிகை. ஆபீஸில் தலைபோற வேலை. மற்ற நாளில் சாமி பக்கமே திரும்பாத ஆள் நீங்க. லீவு கேட்பீங்களா?

1934 செப்டம்பரில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு பேஸ்பால் வீரருக்கு இதே சிக்கல் வந்தது. அவர் ஹாங்க் கிரீன்பெர்க், வயது 23. நியூயார்க்கில் பிறந்தவர். ருமேனியாவிலிருந்து வந்த பெற்றோர், ஆசாரமான யூதர்கள். மகன் அப்படி இல்லை. 'டெட்ராய்ட் டைகர்ஸ்' அணியில் அவர் வேலை ஹோம் ரன் அடிப்பது. நம்ம சிக்ஸர் மாதிரின்னு வச்சுக்கலாம்.

1909-க்குப் பிறகு கிடைக்காத லீக் பட்டத்தை டைகர்ஸ் நெருங்கியிருந்தது. சரியாக அப்போது வந்தன யூதர்களின் இரண்டு பெரிய நாட்கள். முதலில் ரோஷ் ஹஷானா, அதாவது புத்தாண்டு. அடுத்து யோம் கிப்பூர், பாவமன்னிப்பு கேட்கும் நாள். முந்தின நாள் சூரியன் மறைவதிலிருந்து மறுநாள் இருட்டும் வரை சாப்பாடு, தண்ணீர், வேலை எதுவும் கூடாது. வருஷம் முழுக்க ஆலயப் பக்கம் போகாத யூதர்கள்கூட பலர் இந்த ஒரு நாளை விடமாட்டார்கள்.

செப்டம்பர் 10, புத்தாண்டு. ஆடலாமா கூடாதா என்று ஊரே பேசியது. ரொம்ப யோசித்து, கடைசியில் களமிறங்கினார். இரண்டு ஹோம் ரன். பாஸ்டன் அணியை டைகர்ஸ் 2-1 என்று வென்றது.

செப்டம்பர் 19, யோம் கிப்பூர். இந்த முறை ஆடவில்லை. பெற்றோர் மனசும் அதில் ஒரு காரணம். ஷாரே செடக் என்ற யூத ஆலயத்துக்குப் போனார். அவர் நுழைந்ததும் வழிபாடு நடுவில் நின்றது, கூட்டம் கைதட்டியது. அவருக்குக் கூச்சமாகப் போச்சு. அன்று டைகர்ஸ் தோற்றது.

அணி நல்ல முன்னிலையில் இருந்ததால் அந்தத் தோல்வி பட்டத்தைப் பாதிக்கவில்லை என்பதையும் சொல்லணும். அப்படியென்றால் இதில் என்ன பெரிய விஷயம்? ஊரைப் பாருங்க. கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1920-களில் சொந்தப் பத்திரிகையில் யூத வெறுப்பைப் பரப்பியது இந்த வட்டாரத்தில்தான். ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது. மைதானத்தில் கிரீன்பெர்க் காதில் விழுந்த வசவுகளும் கொஞ்சமல்ல. தினமும் ஜெபிக்கிறவர் லீவு எடுத்திருந்தால் அது அவர் வழக்கம் என்று போயிருக்கும். எதையும் பெரிதாகக் கடைப்பிடிக்காத ஒருவர் ஒதுங்கியதால்தான், 'நானும் இவர்களில் ஒருவன்' என்று அவர் ஊரறியச் சொன்ன மாதிரி ஆனது.

1938-ல் 58 ஹோம் ரன்; பேப் ரூத்தின் சாதனைக்கு இரண்டு குறைவு. 1941 டிசம்பரில் ராணுவத்திலிருந்து விடுபட்ட இரண்டாம் நாள் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது. தானாகவே திரும்பச் சேர்ந்தார். 1956-ல் 'ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம். வெறும் ஆட்டக்காரராக மட்டுமே அறியப்பட விரும்பியவருக்கு, வயதான காலத்தில் யூத வீரர் என்ற அடையாளமே பிடித்துப்போனது.

1986-ல் இறந்தார். பிள்ளைகளை அவர் மதச் சடங்குகளோடு வளர்க்கவில்லை. ஆனாலும் ஒரு யோம் கிப்பூர் அன்று, அது சாதாரண நாள் இல்லை என்று அவர்களைக் கோளரங்கத்துக்கு அழைத்துப் போனார். அன்றைக்கு யூதர்கள் நட்சத்திரம் பார்க்கப் போவார்கள் போல என்றுதான் பிள்ளைகள் கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.