கொதிக்கும் தண்ணீரில் கால் வைத்தும் வலிக்கவில்லை... தொழுநோயாளிகளோடு வாழ்ந்து மறைந்த பாதிரியார்! யார் இந்த டேமியன்?

1884 டிசம்பர். ஹவாய் தீவுக்கூட்டத்தில் உள்ள மொலோகாய் தீவு. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பாதிரியார், களைப்பு தீர வெந்நீரில் காலை வைக்கிறார். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க இருந்திருக்கிறது. தோல் கொப்பளித்துவிட்டது. ஆனா, அவருக்கு வலியே தெரியல.

அந்தப் பாதிரியாருக்கு விஷயம் புரிந்துவிட்டது. 11 வருஷமாக யாருடைய புண்களுக்கு மருந்து போட்டாரோ, அவர்களுடைய நோய் இப்போது அவருக்கும் வந்துவிட்டது. அவர்தான் தந்தை டேமியன்.

விவசாயி வீட்டுப் பிள்ளை

1840 ஜனவரி 3-ம் தேதி, பெல்ஜியத்தின் ட்ரெமெலோ கிராமத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஜோசப் டி வூஸ்டர். படிப்பைவிட உடல் உழைப்பில் கெட்டிக்காரர். அண்ணன் வழியில் கத்தோலிக்கத் துறவற சபை ஒன்றில் சேர்ந்தார்.

1860-ல் துறவற வாக்குறுதி கொடுத்தபோது, சவத்தின் மேல் போர்த்தும் துணியை அவர் மேல் போர்த்தினார்கள். பழைய வாழ்க்கைக்கு இறந்துவிட்டார் என்பதற்கான சடங்கு அது. அந்தத் துணியை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

ஹவாய்க்குப் போக வேண்டியவர் உண்மையில் அவருடைய அண்ணன். அண்ணன் நோயில் படுத்துவிட, தம்பி கிளம்பினார். 1864 மார்ச்சில் ஹொனலுலு போய்ச் சேர்ந்தவர், மே மாதமே குருவானார்.

போனால் திரும்ப முடியாத இடம்

அப்போது ஹவாயில் தொழுநோய் வேகமாகப் பரவியது. மருந்து கிடையாது. 1865-ல், நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் சட்டத்தில் கையெழுத்திட்டார் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹா. அடுத்த ஆண்டே ஆட்களை ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கணவனை, மனைவியை, சின்னக் குழந்தைகளைக்கூட குடும்பத்திலிருந்து பிரித்துக் கப்பலில் அனுப்பினார்கள்.

இறக்கிவிட்ட இடம் மொலோகாய் தீவின் வடக்குப் பகுதி. மூணு பக்கம் கடல். நாலாவது பக்கம் சுமார் 2,000 அடி உயரப் பாறைச் சுவர். அங்கே போதுமான வீடு இல்லை, மருத்துவர் இல்லை. செத்தவர்களை ஆழமாகப் புதைக்கக்கூட ஆள் இல்லை.

அங்கே முறை வைத்துப் போய்வர, 1873-ல் 4 குருக்கள் முன்வந்தார்கள். முதல் முறை டேமியனுடையது. மே 10-ம் தேதி தீவில் இறங்கினார். வந்த புதிதில் தங்க வீடு இல்லாததால் ஒரு தாழை மரத்தடியில்தான் படுத்தார். கொஞ்ச நாளில், இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டார்.

என்னவெல்லாம் செய்தார்?

பிரசங்கம் மட்டும் செய்துவிட்டு ஒதுங்கி நிற்கவில்லை. புண்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். சவப்பெட்டி செய்தார், குழி வெட்டினார், கல்லறைக்கு வேலி போட்டார். குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்தார். வீடுகள் கட்டினார். அனாதைக் குழந்தைகளுக்கு இல்லம் நடத்தினார். பாட்டுக்குழுவும் இசைக்குழுவும் உருவாக்கினார்.

இதையெல்லாம் அவர் ஒருவரே செய்தார் என்று நினைத்துவிட வேண்டாம். உடலில் தெம்பு இருந்த நோயாளிகளும், அவர்களோடு துணைக்கு வந்த உறவினர்களும் கூடவே உழைத்தார்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், அவர் தள்ளி நிற்காததுதான். நோயாளிகளோடு ஒரே பாத்திரத்தில் கைவிட்டுச் சாப்பிட்டார். தன் புகைக்குழாயைப் பகிர்ந்துகொண்டார். பிரசங்கத்தில் தன்னையும் தொழுநோயாளிகளில் ஒருவராகச் சேர்த்தே பேசினார். நோய் வந்த பிறகு இப்படிப் பேசினார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனா, 1873-லேயே அப்படித்தான் பேசுவதாக அவர் தன் அண்ணனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அப்போது அவருக்கு நோய் இல்லை.

பிறருக்கு நன்மை செய்வது என்பதை கிறிஸ்தவம் மனதில் வரும் இரக்கத்தோடு நிறுத்துவதில்லை. அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்து விலகிப் போகாமல், கிட்டே போய்க் காயம் கட்டிய நல்ல சமாரியன் கதை சொல்வதும் அதைத்தான். டேமியன் 16 வருஷம் செய்ததும் அதேதான்.

இதற்கு அவர் கொடுத்த விலையும் பெரிசு. ஒருமுறை அவருடைய சபைத் தலைவர் கப்பலில் வந்தபோது, கரையில் இறங்க அனுமதி கிடைக்கவில்லை. டேமியன் படகில் போனார். கப்பலில் ஏறவும் விடவில்லை. வேறு வழியில்லாமல் படகில் நின்றபடியே, பிரெஞ்சு மொழியில் சத்தமாகப் பாவசங்கீர்த்தனம் செய்தார்.

குறையே இல்லாதவரா?

இல்லை. பிடிவாதக்காரர், கோபக்காரர். அதிகாரிகளோடும் சபை மேலாளர்களோடும் அடிக்கடி மோதினார். இறந்த பிறகு, ஹொனலுலுவில் இருந்த ஹைடு என்ற புரோட்டஸ்டன்ட் போதகர், டேமியனின் ஒழுக்கத்தையே சந்தேகித்து எழுதிய கடிதம் அச்சில் வந்தது.

அதற்குப் பதிலடி கொடுத்தவர் பிரபல எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். அவரும் புரோட்டஸ்டன்ட்தான். டேமியன் இறந்த அடுத்த மாதமே அந்தக் குடியிருப்புக்கு நேரில் போய்வந்தவர். 1890-ல் எழுதிய பகிரங்கக் கடிதத்தில் டேமியனின் குறைகளை அவர் மறைக்கவில்லை. நீங்களெல்லாம் வசதியான வீட்டில் இருந்தபோது களத்தில் இருந்தவர் அவர்தானே என்பதே அவருடைய வாதம்.

கடைசி நாட்கள்

கடைசி வருடங்களில் உதவிக்கு ஆட்கள் வந்தார்கள். 1886-ல் ஜோசப் டட்டன், 1888-ல் அருட்சகோதரி மரியான் கோப். தன் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வந்துவிட்டது என்ற நிம்மதியோடு, 1889 ஏப்ரல் 15-ம் தேதி, புனித வாரத் திங்கட்கிழமை, தன் 49-வது வயதில் டேமியன் காலமானார். முதலில் படுத்துறங்கிய அதே தாழை மரத்தடியில் அடக்கம் செய்தார்கள்.

1936-ல் அவருடைய உடலை பெல்ஜியத்துக்குக் கொண்டுபோனார்கள். 2009-ல் போப் 16-ம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். தனிமைப்படுத்தும் சட்டம் 1969-ல்தான் முடிவுக்கு வந்தது. அதுவரை மொலோகாய்க்கு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 8,000 பேர்.

இன்று தொழுநோயை மாத்திரையிலேயே முழுமையாகக் குணப்படுத்தலாம். இந்தியாவில் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சை இலவசம். உணர்ச்சியில்லாத தேமல் தெரிந்தால் உடனே காட்டினால் போதும். ஆனா, நோயாளியைக் கண்டால் ஒதுங்கும் பழக்கம்தான் இன்னும் முழுசா போகல.

1995-ல் டேமியனின் உடலில் ஒரு பகுதி மட்டும் மொலோகாய்க்குத் திரும்பி வந்து, பழைய கல்லறையிலேயே மறுபடி அடக்கமானது. அது அவருடைய வலது கை. அந்த மக்களின் புண்களுக்குக் கட்டுப் போட்ட கை.