மகாமகக் குளத்துக்குப் படி அமைத்த கோவிந்த தீட்சிதர்

மூர்த்தி, தலம், தீர்த்தம் என்னும் மூன்றும் சைவமக்களின் வழிபாட்டிற்கு அடிப்படையாக விளங்குவன. ஆடி அமாவாசையன்று கீரிமலையிலும் திருவடிநிலையிலும் தீர்த்தமாடும் நம்மவர்கள், கும்பகோணத்து மகாமகத்தின் பெருமையையும் நன்கறிவர். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை, வியாழன் சிங்கராசியில் நிற்கும்போது, மாசி மாதத்து மக நட்சத்திரமும் பூரணையும் கூடிவரும் காலத்தில் அத்தீர்த்தம் நிகழும். இலட்சக்கணக்கான அடியார்கள் நீராடுவர். அவர்கள் இறங்கி ஏறும் கற்படிகளை அமைப்பித்த பெரியாரை அறிந்தவர் சிலரே. அவர்தான் கோவிந்த தீட்சிதர்.

தீட்சிதர் கன்னட அந்தணர் மரபில் வந்தவர். வேதத்திலும் சாத்திரத்திலும் சங்கீதத்திலும் வல்லவர். 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கருக்கும் அவர் மைந்தர் இரகுநாத நாயக்கருக்கும் அமைச்சராகவும் குருவாகவும் விளங்கினார். மக்கள் அவரை அன்போடு ஐயன் என்றழைத்தனர். தஞ்சாவூரிலுள்ள ஐயன் கடைத்தெருவும் ஐயன்குளமும் அவர் பெயரால் வழங்குவன என்பர்.

மகாமகக் குளம் அவர் காலத்திற்கு முன்னரே புகழ்பெற்றது. பிறர் பாவங்களைக் கழுவிக் கழுவிப் பாரம் சுமந்த கங்கை, யமுனை, காவிரி முதலான ஒன்பது புண்ணிய நதிகளும் சிவபெருமானிடம் முறையிட, இக்குளத்தில் நீராடித் தூய்மை பெறும்படி பெருமான் அருளினார் என்பது புராண வரலாறு. அந்நதித் தெய்வங்களை வடகரையிலுள்ள காசி விசுவநாதர் கோயிலில் இன்றும் தரிசிக்கலாம்.

ஏறக்குறைய 6 ஏக்கர் பரப்புள்ள இக்குளத்துள் 20 தீர்த்தக் கிணறுகள் உள்ளன. தீட்சிதர் நான்கு கரைகளிலும் கற்படிகள் அமைப்பித்து, சுற்றிலும் 16 மண்டபங்களை எழுப்பினார். மன்னனைத் துலாபாரத்தில் நிறுத்த பொன் இத்திருப்பணிக்குச் செலவாயிற்று என்பது வழிவழி வந்த செய்தி. துலாபாரக் காட்சியைக் கரையிலுள்ள மண்டபமொன்றின் விதானச் சிற்பத்தில் காணலாம். கருவூலத்தில் கிடந்திருக்கக்கூடிய பொன், ஏழையும் செல்வரும் ஒன்றாகக் கால்வைக்கும் கல்லாயிற்று. தான் நீராடிப் பெறும் புண்ணியத்தினும் பிறர் நீராட வழிசெய்யும் புண்ணியம் பெரிதென்பதை அவர் செயலிற் காட்டினார்.

அக்காலம் நமது மண்ணுக்கோ பெருந்துன்பக் காலமாகும். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அதனையொட்டிய ஆண்டுகளில் அவர்களை எதிர்த்துப் போரிட இரகுநாத நாயக்கர் படை அனுப்பினார். ஆயினும் அம்முயற்சி கைகூடவில்லை. 1621இல் நல்லூர்க் கந்தன் ஆலயமும் இடிக்கப்பட்டது. ஊர்காவற்றுறைக்கு எதிரே கடல்நடுவே நிற்கும் கடற்கோட்டை அவ்வந்நியர் ஆட்சியை இன்றும் நினைவூட்டுகின்றது. கோயில்கள் இங்கே அழிந்தபோதும், வழிபாட்டை நம் முன்னோர் கைவிட்டிலர்.

கூட்டமாக நீராடுவதில் புண்ணியமும் உண்டு, ஆபத்தும் உண்டு. 1992 பெப்ரவரி 18ஆம் திகதி நடைபெற்ற மகாமகத்தில் நெரிசலில் சிக்கி ஏறக்குறைய 50 பேர் உயிரிழந்தனர். 2004இலும் 2016இலும் தகுந்த ஏற்பாடுகளுடன் மகாமகம் நடந்தேறியது. அடுத்தது 2028இல் வரும். பக்தி மாத்திரம் போதாது; அடியாரின் உயிரைக் காக்கும் ஒழுங்கும் தொண்டேயாகும் என்பதை 1992 நமக்கு உணர்த்துகின்றது.

தீட்சிதரின் மைந்தர் வேங்கடமகி, 72 மேளங்களை வகுத்துக் கர்நாடக சங்கீதத்திற்கு அடிகோலியவர். பட்டீச்சரம் சிவாலயத்தில் தீட்சிதரும் அவர் மனைவியாரும் கைகூப்பிய கோலத்தில் சிலைவடிவில் நிற்கின்றனர். தீர்த்தம் அமைத்த அமைச்சர், அங்கே ஓர் எளிய அடியாராகவே காட்சி தருகின்றார்.

நமது ஆலயத் தீர்த்தோற்சவத்திலும் இப்பெரியார் வழியைப் பின்பற்ற எல்லோராலும் இயலும். கேணியைத் துப்புரவாக்குவதும், பாசி படிந்த படியைத் தேய்த்துக் கழுவுவதும், முதியோரைக் கைபிடித்து இறக்குவதும், குழந்தைகளை முன்விட்டு நாம் பின்நிற்பதும் துலாபாரப் பொன்னுக்கு ஒப்பான தொண்டுகளே. அத்தொண்டில் ஈடுபட்டு, எம்பெருமான் திருவருளை எல்லோரும் பெறுவோமாக.