காலத்தை வகுத்த கல்விமான்: வில்லியம் றெயினி ஹாப்பர்

ஒரு கல்லூரி வளர்கின்றதா என்பதை மக்கள் அதன் கட்டடங்களையும் மாணாக்கர் தொகையையுங் கொண்டே மதிப்பர். அவ்வளர்ச்சியைக் கண்ணுக்குப் புலனாகாது தாங்கிநிற்பது நேரசூசி என்னும் ஒரு தாளேயாம். எப்பாடம், எவ்வறையில், எவ்வேளையில், எவ்வாசிரியரால் நடத்தப்படும் என்பதை அத்தாள் தீர்மானிக்கின்றது. அம்மட்டோ? எவர் கற்க வரலாம், எவர் வரவியலாது என்பதையும் அதுவே தீர்மானித்துவிடுகின்றது. இவ்வுண்மையை நன்குணர்ந்து ஒரு பெருங் கல்விநிலையத்தையே அதன்மேல் எழுப்பியவர் அமெரிக்கக் கல்விமான் வில்லியம் றெயினி ஹாப்பர். அன்னாரது வாழ்க்கையை எமது மாணாக்கரும் ஆசிரியரும் அறிதல் பயனுடைத்தென எண்ணி ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம்.

ஹாப்பர் 1856ஆம் ஆண்டு யூலை 24ஆந் திகதி ஒகையோ மாநிலத்து நியூ கொன்கோட் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் அவ்வூரிற் கடை நடத்தியவர். பத்து வயதிலே மஸ்கிங்கம் கல்லூரியிற் புகுந்து, பதினான்கு வயதிலே பட்டம் பெற்றார். பின்னர் யேல் பல்கலைக்கழகஞ் சென்று, 1875ஆம் ஆண்டில், பத்தொன்பது வயது நிரம்புமுன்னரே, கலாநிதிப் பட்டத்தையும் பெற்றார். எபிரேய மொழியே அவர் உள்ளங் கவர்ந்த பாடம். 1879ஆம் ஆண்டில், சிக்காகோவை அடுத்த மோகன் பாக் என்னும் இடத்துச் சமயக் கல்லூரியில் அம்மொழியைக் கற்பிக்கும் ஆசிரியரானார்.

எபிரேயங் கற்க விரும்பிய குருமாரும் ஆசிரியரும் பலராயினும், தத்தங் கடமையை விட்டு வகுப்புக்கு வரத்தக்கவர் சிலரே என்பதை ஆங்கு அவர் கண்டார். கோடை விடுமுறையிற் கல்லூரி பூட்டிக் கிடந்தது. அவ்வேளையிலேதான் அவர்களுக்கு ஓய்வு கிடைத்தது. ஆகவே 1881ஆம் ஆண்டில் கோடைகால வகுப்பொன்றைத் தொடங்கினார். கோடையிலும் வரவியலாதார்க்குத் தபால் மூலம் பாடங்களை அனுப்பினார். கற்போர் தொகை நூற்றுக்கணக்கிற் பெருகியது. மாணாக்கர் இல்லை என்று பலர் எண்ணிய ஒரு பாடத்துக்கு மாணாக்கர் இருந்தனர். இல்லாதிருந்தது அவர்க்கேற்ற வேளையே. இவ்வனுபவமே அவரது பிற்காலச் செயல்களுக்கெல்லாம் வித்தாயிற்று.

1889ஆம் ஆண்டில் யோன் டி. றொக்பெல்லர் என்னும் பெருஞ் செல்வர், பிறரிடமிருந்து நான்கு இலட்சம் டொலர் திரட்டப்பட வேண்டுமென்ற நிபந்தனையோடு, சிக்காகோவில் ஓர் உயர்கல்விநிலையம் அமைத்தற்கு ஆறு இலட்சம் டொலர் வழங்க இசைந்தார். அதன் முதல் தலைவராக ஹாப்பர் தெரிவு செய்யப்பட்டார். மாணாக்கர் வருமுன்னரே நாட்காட்டியை வகுத்தமை அவர் செய்த அரும்பணியாகும்.

அக்காலத்து ஏனைக் கல்லூரிகள் கோடையில் நீண்ட விடுமுறை அளித்தன. ஹாப்பரோ ஆண்டை நான்கு காற்கூறுகளாக வகுத்தார். ஒவ்வொன்றும் பன்னிரண்டு வாரங் கொண்டது. இடையில் ஒரு வார ஓய்வு. ஒரு காற்கூறு இரு தவணைகளாகப் பிரிக்கப்பட்டது. ஆறு வாரங் கொண்ட ஒரு தவணையில் மாணாக்கர் ஒருவர் ஒரு பெரும்பாடத்தையும் ஒரு சிறுபாடத்தையுமே கற்பார். பல பாடங்களைச் சிறிது சிறிதாகத் தொடுதலினும் சிலவற்றை ஆழ்ந்து கற்றல் நன்றென்பது அவர் கொள்கை. பின்னர் இவ்வொழுங்கு திருத்தம் பெற்றுப் பாடங்கள் பன்னிரண்டு வாரத்துக்கு நீட்டப்பட்டன. காற்கூறு முறை மாத்திரம் நிலைத்துவிட்டது.

இதனால் விளைந்த நன்மை பெரிது. மாணாக்கர் எக்காற்கூறிலும் சேரலாம். பணமுடை நேரின் ஒரு காற்கூறு நின்று உழைத்து மீளலாம். ஓராண்டு முழுவதையும் இழக்க வேண்டுவதில்லை. ஆசிரியர் மூன்று காற்கூறு கற்பித்து, நான்காவதை ஆராய்ச்சிக்கும் ஓய்வுக்கும் கொள்ளலாம். கட்டடங்களும் நூல்நிலையமும் ஆண்டில் மூன்று மாதம் பயனின்றிக் கிடப்பதில்லை. கோடைக் காற்கூறு 1894ஆம் ஆண்டில் தொடங்கியபோது பாடசாலை ஆசிரியர் பலர் வந்து பயின்றனர். நகர மத்தியிலே, 1898ஆம் ஆண்டு முதல், அவர்கட்கென மாலையிலுஞ் சனிக்கிழமையிலும் வகுப்புக்கள் நடைபெற்றன.

பல்கலைக்கழகம் 1892ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி திறக்கப்பட்டது. விழா எதுவும் நடைபெறவில்லை. தச்சர் வேலை முடியாத கட்டடத்திலே, காலை எட்டரை மணிக்கு, பன்னெடுங் காலமாக நடந்து வந்தது போன்று வகுப்புக்கள் தொடங்கின. ஏறக்குறைய அறுநூறு மாணாக்கர் வந்திருந்தனர்; பெண்களும் தொடக்கத்திலிருந்தே சேர்க்கப்பட்டனர்.

காலத்தை வகுத்தவர் அடுத்து இடத்தையும் எண்ணினார். பட்டப்படிப்பின் நான்காண்டுகளை அவர் இருகூறாக்கினார். 1896ஆம் ஆண்டு முதல் முற்கூறு கனிஷ்ட கல்லூரி என்றும் பிற்கூறு சிரேஷ்ட கல்லூரி என்றும் பெயர் பெற்றன. முதலீராண்டுக் கல்வியைப் பெறுதற்கு மாணாக்கர் ஊரைவிட்டு நீங்க வேண்டுமோ? ஊர் உயர்பாடசாலையிலேயே அதனை நடத்தலாகாதோ? இவ்வெண்ணத்தை ஹாப்பர் பரப்பினார். சிக்காகோவுக்கு ஏறக்குறைய நாற்பது மைல் தொலைவிலுள்ள ஜோலியற் நகரத்து உயர்பாடசாலைத் தலைவர் ஸ்ரான்லி பிறவுண் அதனை ஏற்று, 1901ஆம் ஆண்டில் ஆறு மாணாக்கரோடு தொடங்கினார். அதுவே பின்னர் ஜோலியற் கனிஷ்ட கல்லூரி எனப் பெயர் பெற்றது. அந்நாட்டிற் பொதுப்பணத்தால் இன்றும் நடைபெறும் சமுதாயக் கல்லூரிகளுள் அதுவே மிகப் பழையது. அத்தகைய கல்லூரிகள் இந்நாளில் ஆயிரமளவில் உள்ளன.

எனினும் ஹாப்பரது வாழ்வு வெற்றியொன்றையே கூறுவதன்று. வாயிலை அகலத் திறந்தமையாற் செலவும் பெருகியது. புதிய வகுப்புக்கள் பணம் வருமுன்னரே தொடங்கப்பட்டன. ஆண்டுதோறும் வரவை மிஞ்சிய செலவை றொக்பெல்லரே ஈடு செய்ய நேர்ந்தது. 1903ஆம் ஆண்டு டிசெம்பரில், செலவு அடக்கப்படும்வரை புதிய நிதி வழங்கப்படாதென்ற முடிவு அறிவிக்கப்பட்டது. மாணாக்கர் தொகையைக் கணித்தவர் அதனைத் தாங்கும் பொருளை அத்துணைக் கவனமாகக் கணித்தாரல்லர் என்றே நாம் கருத வேண்டியுள்ளது. தம் உடலையும் அவர் கணக்கிற் கொள்ளவில்லை. தலைமைப் பணியோடு கற்பித்தலையும் விடாது செய்தார். 1905ஆம் ஆண்டில் தமக்குப் புற்றுநோய் உண்டென அறிந்த பின்னரும் தம் நூற்பணியை நிறுத்தவில்லை. 1906ஆம் ஆண்டு சனவரி 10ஆந் திகதி, ஐம்பது வயது நிரம்புமுன்னரே, காலமானார்.

ஜுபிலி கொண்டாடும் வேளையிற் கடந்த ஆண்டுகளை எண்ணுதல் இயல்பு. வருமாண்டுகளை எண்ணுதலும் கடனாகும். மாணாக்கர் தொகை பெருக வேண்டுமென விரும்புவோர் புதிய மண்டபத்தை மாத்திரம் நினையாது, எந்த வேளையில் எந்த அறை வெறிதே கிடக்கின்றதென்பதையும், வர விரும்பியும் வரவியலாது நிற்பவர் யாவரென்பதையும் ஆராய்தல் வேண்டும். ஆராய்ந்து வாயிலைத் திறக்குமுன், அதற்காகும் பொருளையும் ஆசிரியர்தம் ஆற்றலையும் அளந்து கொள்ளுதல் வேண்டும். முன்னதை ஹாப்பரது செயலிலிருந்தும், பின்னதை அவர் பட்ட இடரிலிருந்தும் நாம் கற்போமாக.