ரவிவர்மாவின் தூரிகையும் போரும்

ராஜா ரவிவர்மா 1848ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29ஆம் நாள் திருவிதாங்கூர்ச் சீமையிலுள்ள கிளிமானூரிற் பிறந்தார். பதினான்காம் பிராயத்தில் திருவனந்தபுரம் சென்று ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவைப் பெற்றார். எண்ணெய் வர்ணம் தீட்டும் ஐரோப்பிய வித்தையை அவருக்கு முறையாகப் போதித்த ஆசிரியர் ஒருவருமிலர். 1868இல் ஆங்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஓவியர், தாம் வரைவதைக் கண்டு நிற்க மாத்திரம் இடங்கொடுத்தார், அதுவே போதுமாயிற்று. 1873இல் சென்னையிலும் வியன்னாவிலும் பரிசு பெற்றார்.

இதிகாசங்களையே பெரிதும் வரைந்த இவர் படைகள் மோதும் களத்தை வரைந்தது அரிது. போரின் கொடுமையை அதற்குட்பட்ட குற்றமற்றோர் முகத்திலேயே காட்டினார். சடாயு வதத்தை நோக்குமின். இராவணன் ஒரு கரத்தால் சீதையைப் பற்றி, மறு கரத்து வாளால் பறவையின் சிறகை அறுக்கின்றான். அவளோ காணப்பொறாது முகத்தை மறைத்துக்கொள்கின்றாள். நம் கண்கள் வாளை விட்டு அவள்பாலே செல்கின்றன. இந்திரசித்தின் வெற்றியை வரைந்த போதும், சிறைப்பட்டு நிற்கும் தேவமாதைக் கொண்டே அவ்வெற்றியை அளந்து காட்டினார்.

இதே தூரிகை 1893இல் தம் மகளையும் பேரனையும் மாதிரியாகக் கொண்டு வேறொரு படம் தீட்டியது. தந்தை வரும் திசையைத் தாய் குழந்தைக்குக் காட்டுகின்றாள். அருகில் நாயொன்று நிற்கின்றது. அவ்வளவே. ஆயினும் குழந்தையைத் தாங்கும் அத்தாயின் கரத்தைக் கண்டபின் சீதையைப் பற்றிய கரத்தைக் காண்போர்க்கு வேறு விளக்கம் வேண்டுவதின்று.

இவர்தம் தெய்வங்கள் நாடக மேடையினின்று இறங்கியவர் போல்வர் என்று குறை கூறுவோர் உளர். அது முற்றும் பொய்யன்று. எனினும், 1894இல் பம்பாயில் இவர் நிறுவிய அச்சுக்கூடம் அத்தெய்வங்களை ஏழையர் இல்லத்திற்கும் கொண்டு சேர்த்தது. நம் இராயபுரத்துப் பனியன் சாலைகளில் நாட்காட்டித் தாளில் நிற்கும் தாமரைத் திருமகளும் அவ்வழி வந்தவளே. அச்சுத்தொழிலில் நட்டமே மிஞ்ச, அது பின்னர் ஜெர்மானியர் ஒருவர் கைக்கு மாறியது.

உடனிருந்து வரைந்த இளவல் ராஜராஜவர்மா 1905இல் மறைந்தார். அத்துயரினிடையே மைசூர் மன்னர்க்கு அவர் வரைந்தவற்றுள் ஒன்று கண்ணன் தூது. சமாதானம் வேண்டி வந்தவனைப் பிணிக்கத் துணிந்து அவை கொதிக்கின்றது. போர் இன்னும் தொடங்கவில்லை, விலக்கவும் கூடும். அப்படம் இன்றும் மைசூர் ஜகன்மோகன அரண்மனையில் உள்ளது. 1906 அக்டோபர் 2ஆம் நாள் ரவிவர்மா காலமானார்.